வாசித்துக் காட்டிய மனு

அருண்,

முப்பது வருஷமாக வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டு, அடுத்தவர்களுக்காக எழுதியே பிழைத்தவன் நான். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வழிப்பாதைத் தகராறு, தொலைந்துபோன ரேஷன் கார்டு என்று எத்தனையோ பேருடைய கஷ்டம் என் கை வழியாக உள்ளே போயிருக்கிறது. யார் எதைச் சொன்னாலும் அதை அரைப் பக்கத்துக்குள் அடக்கி, அதிகாரி கோபப்படாத மாதிரி மரியாதையாக முடித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் எனக்காக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் மூன்று நாளாக முதல் வரியே வரவில்லை. நல்லா எழுதுகிறவன் என்று ஊரில் பேர் வாங்கியவனுக்கு இப்படி ஒரு நிலைமை.

போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாய். உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்துவிட்டது, கூடவே ஹாஸ்டல் துணை வார்டன் பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ராகிங் தடுப்புக் கமிட்டிலயும் என்னப் போட்டுட்டாங்கப்பா, ஃபர்ஸ்ட் இயர் பசங்க மொத்தமும் என் பொறுப்பு" என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு அந்த ஃபர்ஸ்ட் இயர் பசங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் ஒரு மனு கொடுக்கப் போகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உன் ஹாஸ்டலில் முதல் வருஷம் படித்த லோகேஷின் கால் விஷயம் அதில் இருக்கிறது. உன் பேரும் இருக்கிறது. ஒரு நகல் நீ சேரப்போகும் கல்லூரிக்கும் போகும். உன் வேலை போகலாம், போலீஸ் கூப்பிடலாம். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். உன் அனுமதி கேட்பதற்காக இல்லை.

எங்கே தப்பு ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தால் என் பேனாவில்தான் வந்து நிற்கிறது. நீ ஏழாவது படிக்கும்போது பக்கத்தில் இருந்த பையனைக் காம்பஸால் குத்திவிட்டாய். ஹெட்மாஸ்டர் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நீ அழுதுகொண்டே வந்தாய். நான் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். நீ உன் கையெழுத்தில் காப்பி அடித்துக்கொண்டு போனாய். அந்தக் கடிதத்தை ஹெட்மாஸ்டர் பிரேயரில் படித்துக் காட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள் என்று சாயங்காலம் வந்து சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாதான், "குத்தினது இவன், மன்னிப்பு கேட்டது நீங்க, கை தட்டினது ஊரு. அந்தப் பையனுக்கு இன்னா கெடச்சுது?" என்று கேட்டாள். நான் அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னேன். அதற்கப்புறம் லீவ் லெட்டர், தாமதமாக வந்ததற்கு விளக்கம், பிராக்டிகல் தவறியதற்குக் காரணம் எல்லாம் நான்தான் எழுதினேன். உனக்கு எதற்கும் நீயே பதில் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை.

நீ கல்லூரி சேர்ந்தபோதும் அப்படித்தான். ராகிங் செய்ய மாட்டேன், செய்தால் எந்தத் தண்டனைக்கும் கட்டுப்படுகிறேன் என்று மாணவனும், எனக்கு இது தெரியும் என்று பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமே, அந்த உறுதிமொழிப் பத்திரம் என் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும். அட்மிஷன் மாதத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை. பேரை மாற்றுவேன், ஊரை மாற்றுவேன், பிரிண்ட் எடுப்பேன். யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. உனக்கும் ஒன்று எடுத்தேன். நீ பைக்கில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டாய், நான் நின்றபடியே போட்டேன். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று சொல்லியும் ஹாஸ்டல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாய். இரண்டாவது வாரம் போன் செய்து, சீனியர்கள் மதிய வெயிலில் நடக்க வைக்கிறார்கள், கால் எரிகிறது என்றாய். உன் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. ஆனாலும், "ரெண்டு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா, எல்லா காலேஜிலயும் உள்ளதுதான்" என்றேன். அன்றைக்கே நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். வராததற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ மூன்றாவது வருஷம் படித்தபோது, ஒரு புரட்டாசி மாதம், அடி அண்ணாமலைப் பக்கம் ஒருவர் வீட்டில் பத்திரம் கொடுத்துவிட்டு மொபெட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். மணி ஒன்று இருக்கும். கிரிவலப் பாதையில் ஆறு பையன்கள் வரிசையாக நடந்து வந்தார்கள். செருப்பு இல்லை. முதுகில் கனமான பை. ஓரத்தில் பதித்திருக்கும் கல்லில் நடக்காமல் தார் ரோட்டு மேலேயே நடந்தார்கள். இரண்டு பைக்கை நிழலில் நிறுத்திவிட்டு நீயும் உன் சிநேகிதர்களும் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் நீ ஓடி வந்து, "ஜூனியர் பசங்கப்பா. நல்லா படிக்கணும்னு வேண்டுதல்" என்றாய். இந்த ஊரில் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. டீக்கடைக்காரர் கேட்கவில்லை, மரத்தடியில் இருந்த சாமியார் கேட்கவில்லை, எதிரே வந்த வெள்ளைக்கார அம்மா கைகூப்பிவிட்டுப் போனார். என் மகன் ஆறு பேரைப் பக்தியில் சேர்த்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியாக வந்த ஒல்லிப் பையன் என் வண்டியில் மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்தான். நான் அவனையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அந்த ஒல்லிப் பையன்தான் லோகேஷ். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படிக்க வந்தவன். பதினோரு வயதிலிருந்தே அவனுக்குச் சர்க்கரை நோய், தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இது உனக்கு அன்றைக்கே தெரியும், ஏனென்றால் நடக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். நீ, "சுகர்னா டாக்டரே நடக்கத்தானடா சொல்லுவாரு, நட" என்றாய். மற்றவர்கள் சிரித்தார்கள். பாதம் முழுக்கக் கொப்புளம். ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே வரும் என்று நீங்கள் மிரட்டியதால் ஐந்து நாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹாஸ்டலிலேயே கிடந்தான். ஆறாவது நாள் காய்ச்சலில் நினைவு தப்பி விழுந்தான். வலது காலில் மூன்று விரலை எடுத்தார்கள், அப்புறம் புண் ஆறாமல் முன்பாதத்தையும் எடுத்தார்கள். நீ இதைப் படிக்கும்போது அவசரமாகத் தாண்டிப் போகாதே.

அவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் லோகேஷின் அப்பா ஏழுமலை கலெக்டருக்கு மனு கொடுக்க வந்தார். ஆபீசுக்கு எதிரே மனு எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். "சார், நல்லா எழுதுவீங்கனு சொன்னாங்க. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் தெரியும். பையன ஆஸ்பத்திரியில போட்டுட்டு வந்துருக்கறேன்" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கிரிவலப் பாதை என்றதும் என் விரல் மெதுவானது. மொபைலில் மகன் படத்தைக் காட்டினார். பாட்டிலைப் பார்த்த அதே கண். "தண்ணி கேட்டதுக்குக்கூட குடுக்கல சார். மூணு பேரு பேர எழுதிக் குடுத்துருக்கறான் பையன்" என்று ஒரு சீட்டை நீட்டினார். மூன்றாவதாக உன் பேர், உன் டிபார்ட்மென்ட். நான் உன் அப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? "தண்ணி குடிக்கறீங்களா?" என்று என் பாட்டிலை எடுத்து அவருக்குக் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். மனுவை எழுதி முடித்ததும் கொடுப்பவருக்கு ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். படிக்கத் தெரியாதவர் அந்த வாசிப்பை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் இது இல்லையென்றால் எங்கள் மேஜைக்கு மரியாதை இல்லை. அன்றைக்கு நான் ஏழுமலை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். மூன்று பேரையும் வாசித்தேன், உன் பேரையும் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். ஆனால் தாளில் அது இல்லை. "என் மகன் வேண்டுதல் காரணமாகத் தானாக விரும்பி நடந்ததில் காலில் காயம் ஏற்பட்டதால், மருத்துவ உதவி கோருகிறேன்" என்றுதான் இருந்தது. யார் பேரும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நகல் கேட்டார், பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றேன். காசு வாங்க மனசு வரவில்லை, வேண்டாம் என்றேன். அதைப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது. மனு கீழே கீழே போய்க் கல்லூரிக்குப் போனது. அங்கே கேட்டபோது கூட நடந்த ஐந்து பையன்களும் வேண்டுதல்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். பாவம், அவர்கள் இன்னும் மூன்றரை வருஷம் அதே ஹாஸ்டலில் இருக்க வேண்டுமே. 'தாமாக விரும்பி நடந்ததாகத் தெரியவருவதால் மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று பதில் வந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லி ஏழுமலை என்னிடமே வந்தார். "ஆபீஸ்ல அப்படி முடிவு பண்ணிட்டாங்க" என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க நல்லாத்தான் எழுதினீங்க சார். எங்க நேரம்" என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்திருந்த ஒரு மூட்டை மல்லாட்டையை என் மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடலையை நாம் அவித்துச் சாப்பிட்டோம். நீகூட இனிப்பாக இருக்கிறது என்றாய்.

அன்றைக்கு நான் உன்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஏன்டா அப்படிப் பண்ணினே?" என்றேன். நீ, "சும்மா ஜாலிக்குப்பா. எங்களையும் அப்படித்தான் நடக்க வெச்சாங்க" என்றாய். அதோடு நான் விட்டுவிட்டேன், ஏனென்றால் உன் கால் எரிந்தபோது நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் காப்பாற்றியது உன் படிப்பை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் தலை குனியாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். நீ அதற்கப்புறம் ஒரு நாளும் லோகேஷைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது.

டி.வி.யில் எங்காவது ஒரு பையன் செத்தான் என்று செய்தி வந்தால், கடுமையான சட்டம் வேண்டும் என்று நாலு பேர் பேசுகிறார்கள். நம் மாநிலத்தில் ராகிங்குக்குச் சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஜெயில் உண்டு, கல்லூரியிலிருந்து நீக்குவது உண்டு. நான் டைப் அடித்த பத்திரத்தை ஒரு நாள் முழுசாகப் படித்தேன், லோகேஷின் காலை எடுத்த பிறகு. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அடிபட்டவன் வீட்டிலிருந்து ஒரு மனு வந்தால்தான் அசையும் சட்டத்தை என் மாதிரி ஒருத்தன் ஒரு மேஜையில் வைத்தே கொன்றுவிடலாம். நான் கொன்றேன். அதனால் சொல்கிறேன், இன்னும் சட்டம் வேண்டும். அப்படிப்பட்ட காயத்தோடு ஒரு மாணவன் வந்தால் ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். கல்லூரி தானே விசாரித்துத் தானே முடித்துக்கொள்ளக் கூடாது. சாட்சிப் பையன்களை மிரட்டுகிறவர்களோடு ஒரே ஹாஸ்டலில் வைத்துக்கொண்டு வாக்குமூலம் வாங்கக் கூடாது. வருஷம் ஓடிவிட்டது என்று கதவைச் சாத்தக் கூடாது. பிள்ளைகள்மேல் நம்பிக்கை இல்லாமல் இதைக் கேட்கவில்லை. என்னைப் போன்ற அப்பாக்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கிறேன். பாசம் வந்துவிட்டால் நாங்கள் எதையும் செய்வோம்.

உன் போன் வந்த மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். லோகேஷ் அங்கே ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். வலது கால் ஷூவுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறான். மதியம் அவனோடு சேர்ந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏழுமலை என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், "ரைட்டர் சார் வந்துருக்காரு, மோர் எடுத்தாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார். மோர் வருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அருணுடைய அப்பா நான்தான் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "படிச்சுக் காட்டனீங்களே சார்" என்றார். "நான் சொன்னதத்தான படிச்சீங்க. என் காதால கேட்டனே." அதோடு மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

லோகேஷ்தான் என்னை உட்காரச் சொன்னான். "உங்களயும் எனக்கு ஞாபகம் இருக்குது சார். அன்னிக்கு வண்டியில வந்தீங்க. கும்பிட்டீங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அழுதேன், அருண். அறுபது வயதில் இன்னொருத்தர் வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து அவன் சொல்லச் சொல்லப் புது மனுவை எழுதினேன். உங்கள் மூன்று பேர் பேரும் இருக்கிறது. நாலாவதாக என் பேர் இருக்கிறது, நான் செய்ததும் முழுசாக இருக்கிறது. எழுதி முடித்து வழக்கப்படி வாசிக்க வாயைத் திறந்தேன். "குடுங்க சார், நானே படிக்கறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டான். அவன் அப்பாவுக்குக் கேட்கும்படி ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தான். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இந்தத் திங்கட்கிழமையோடு நான் மேஜையை எடுத்துவிடுகிறேன்.

இத்தனை வருஷம் கழித்து இது நிற்குமா என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார். நிற்காவிட்டாலும் கொடுப்போம். நீ அந்தப் புது ஹாஸ்டலின் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன்னால், உன்னிடம் பிள்ளைகளை ஒப்படைக்கப் போகிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும். அம்மா இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஒன்றும் திருத்தச் சொல்லவில்லை. "அவனுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கறேன், வரச் சொல்லுங்க" என்றாள். உன்மேல் எங்களுக்குப் பாசம் கம்மியாகிவிடவில்லை. ஆகியிருந்தால் இது இவ்வளவு கஷ்டமாக இருக்காது.

கிளம்பும்போது லோகேஷ் என்னோடு பஸ் நிற்கிற இடம்வரை வந்தான். வேண்டாம் என்றும் கேட்கவில்லை, சாய்ந்து சாய்ந்து வந்தான். பஸ் வந்தபோது சொன்னான்: "ஜெயிலு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். அவரு வந்தா நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பைக்ல அரை பாட்டில் தண்ணி வெச்சிருந்தாரு. நான் கேட்டப்ப அத ரோட்டுல ஊத்தினாரு. ஏன்னு கேக்கணும்." இது எனக்கு அதுவரை தெரியாது. நீ சொல்லவில்லை, அவன் அப்பாவும் மனுவில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் லோகேஷ், ஏழுமலை, நான் மூன்று பேரும் இருப்போம். நீ வந்துவிடு. அவன் உன்னைக் கேட்பான், நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஆனால் அதற்குப் பதிலை நான் எழுதித் தர மாட்டேன், அருண்.

அப்பா